அண்ணனுக்கு நான் மாற்றிய உப்பு

என் அண்ணனின் கை இப்படி ஆனதற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறேன். விடையைப் பலகையில் எழுதிவிட்டுத்தான் வழிமுறைக்கு வருவேன். கதை கேட்க உட்கார்ந்தவர்கள் கடைசிவரை காத்திருந்து 'அடிப்பாவி, இவளா?' என்று வாயைப் பிளக்க வேண்டாம். நான்தான்.

அவன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். கடையின் முன்பக்கம் விளக்கும் நிலைக்கண்ணாடியும் சிரிப்புமாக இருக்கும். பின்பக்கம் ஒரு ஜன்னல், ஒரு நீள மேஜை, லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கும் சக்கரம், அதன்மேல் ஓயாமல் சொட்டும் தண்ணீர். மேஜைமேல் எப்போதும் வெள்ளைத் துணி விரித்திருப்பான். ஸ்க்ரூ தவறி விழுந்தால் கண்ணில் பட வேண்டுமே. அந்த ஸ்க்ரூ எவ்வளவு பெரியது என்கிறீர்கள்? ஒரு அரிசியை நான்காக உடைத்தால் அதில் ஒரு துண்டு. அதை இடுக்கியால் எடுத்து ஓட்டையில் நிறுத்தி, இரண்டு விரலுக்கு நடுவில் ஸ்க்ரூ டிரைவரை உருட்டுவான். மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்ள மாட்டான். ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டேதான் செய்வான்.

கடையில் அவனுக்குப் பெயரே ஸ்க்ரூ. ஒருமுறை ஒரு பெரிய மனிதர் வந்து, கண்ணாடி கோணலாக உட்காருகிறது என்று சத்தம் போட்டார். அண்ணன் பின்னறையிலிருந்து வந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். "கண்ணாடி நேராத்தான் இருக்கு சார். உங்க காதுதான் ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. அதை நம்ம கடையில சரி பண்றதில்ல" என்றான். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பெரிய மனிதர் சிரித்துவிட்டார், அதற்குப் பிறகு அண்ணனிடம் தவிர வேறு யாரிடமும் கண்ணாடியைக் கொடுத்ததில்லை.

இருபத்தொன்பது வயதில் அவனுக்கு அந்த மனநோய் வந்தது. ஆறு நாள் தூங்கவில்லை. பேச்சு, பேச்சு, ஓயாத பேச்சு. ஏழாம் நாள் காலையில் பேருந்து நிறுத்தத்துக்குப் போய், அங்கே நின்றவர்கள் முகத்திலிருந்து கண்ணாடிகளைப் பிடுங்கி ஸ்க்ரூவை முடுக்கிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டான். இலவசமாகத்தான். ஒருவர் அறைந்தார். அவருடைய கண்ணாடியையும் சரிசெய்து கையில் கொடுத்துவிட்டுத்தான் கன்னத்தைத் தடவினானாம். பிறகு மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். குளிக்க மாட்டான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான். இப்படியே ஏற்றமும் இறக்கமுமாக இரண்டு வருடம். இரண்டாவது சுற்றில் அண்ணி போய்விட்டாள். அவளை நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன், அவளும் மனுஷிதானே. அண்ணன் என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

அப்போதுதான் ஒரு மருத்துவர் அந்த மாத்திரையை எழுதினார். பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லித்தியம் கார்பனேட்! உலகத்தில் எத்தனையோ மருந்து இருக்க, நான் வருடா வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்தும் பாடத்திலிருந்து ஒரு மருந்து. அன்று சாப்பாட்டு மேஜையில் வைத்து அண்ணனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் பாடமே எடுத்துவிட்டேன்.

"சோடியத்துக்கு வெளிக்கூட்டுல ஒரே ஒரு எலக்ட்ரான். அதை வச்சுக்கிட்டு அதுக்கு நிம்மதியே இல்ல. குளோரினுக்கு ஒண்ணே ஒண்ணு குறையுது. அதுக்கும் நிம்மதி இல்ல. இது குடுத்துடும், அது வாங்கிக்கும். குடுத்தது நேர்மின் அயனி, வாங்கினது எதிர்மின் அயனி. அப்புறம் ரெண்டும் ஒட்டிக்கும். அதுதான் நாம சாப்பிடுற உப்பு."

"சரி டீச்சரம்மா. இந்த மாத்திரையில யாரு குடுத்தா, யாரு வாங்கினா?" என்றான் அண்ணன். சின்ன வயதிலிருந்தே கிண்டலுக்கு அவன் என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவான்.

"லித்தியம் குடுக்கும். அதுக்கும் வெளியில ஒண்ணே ஒண்ணுதான். கார்பனும் மூணு ஆக்ஸிஜனும் தங்களுக்குள்ள எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கிட்டு ஒரு கூட்டா நிக்கும். அந்தக் கூட்டுக்கு ரெண்டு குறையும். அதனால ரெண்டு லித்தியம் ஆளுக்கு ஒண்ணு குடுக்கும். நீ முழுங்கினதும் வயித்துல கரைஞ்சு லித்தியம் அயனி தனியா வந்துடும். அதுதான் உன் மண்டைக்குள்ள போய் வேலை செய்யும்."

"ஆக, எனக்கு உப்புதான் வைத்தியம்" என்று சொல்லிவிட்டு ஒன்றை விழுங்கினான். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அது வேலை செய்தது. எதனால் செய்கிறது என்று மருத்துவருக்கே முழுதாகத் தெரியாது, ஆனால் செய்தது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று பார்ப்போம். கொஞ்சம் குறைந்தால் பலனில்லை, கொஞ்சம் கூடினால் விஷம். கை விரலில் மட்டும் ஒரு மெல்லிய நடுக்கம் வந்தது. அதற்கு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். மேஜை விளிம்பில் மணிக்கட்டு உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளம் செதுக்கி, கையை அதில் அழுத்திக்கொண்டு வேலை செய்தான். இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது. ஒருநாள்கூடச் சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் என்றால் சும்மாவா!

போன வருடக் கோடையில் என் வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம் ஏறியது. அவர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். வண்டிகள் தாமதமாக வருவதற்கெல்லாம் இவர் ரத்தம் கொதிக்கும். உப்பைக் குறையுங்கள் என்றார்கள். குறைப்பதா? நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. வீட்டிலிருந்த சாதாரண உப்பை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, மருந்துக் கடையில் விற்கும் பொட்டாசியம் உப்பை வாங்கி வந்தேன். தனித்தனியாகச் சமைக்க எனக்கு எங்கே நேரம்? ஒரு அடுப்பு, ஒரு பாத்திரம், மூன்று பேருக்கும் அதே சாப்பாடு.

எனக்கு அதில் பெருமை வேறு. தனிம அட்டவணையின் முதல் தொகுதியைப் பாருங்கள்: மேலே லித்தியம், அடுத்துச் சோடியம், அதற்குக் கீழே பொட்டாசியம். எல்லாவற்றுக்கும் வெளியே ஒரே எலக்ட்ரான், எல்லாம் ஒரே மாதிரி கொடுக்கும், குளோரினோடு சேர்ந்தால் எல்லாம் வெள்ளைப் படிகம். ஒரு குடும்பம் ஒரே குணம் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அதையே வீட்டிலும் செய்துவிட்டேன்.

அண்ணன் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தான். "என்னது இது, கசக்குது?"

"பழகிடும்."

"நாக்கு செத்துப்போகும் போலிருக்கே. எனக்கு மட்டும் பழைய உப்பைப் போடேன். உப்பைத் திடீர்னு குறைக்கக் கூடாதுன்னு அந்தப் பழைய டாக்டர் என்னவோ சொன்ன ஞாபகம்."

"அவர் எப்போ சொன்னார்? இருபது வருஷத்துக்கு முன்னாடியா? நீ கெமிஸ்ட்ரி டீச்சரா, நான் கெமிஸ்ட்ரி டீச்சரா? உப்பைக் குறைக்கலடா சாமி, மாத்தியிருக்கேன். வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு."

மூடிக்கொண்டு சாப்பிட்டான். என் வாய்க்கு அந்த வீட்டில் யாரும் எதிர் பேசுவதில்லை. அப்படி ஒரு தலைக்கனம் எனக்கு. பத்து நாள் கழித்து அவன் சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்தபோது, அடியில் ஒரு சின்னப் பொட்டலம் சாதாரண உப்பு இருந்தது. கடையில் போய்த் திருட்டுத்தனமாகத் தூவிச் சாப்பிட்டிருக்கிறான். ஐம்பத்துமூன்று வயது ஆள், சின்னப் பையன் மாதிரி! எனக்கு வந்ததே கோபம். அவன் கண்ணெதிரிலேயே பொட்டலத்தைப் பிரித்துத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீரில் அது கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த வருடம் வெயில் கொளுத்தியது. அவனுடைய பின்னறையில் மின்விசிறி வேலை செய்யவில்லை. சட்டையைப் பிழிந்தால் வேர்வை கொட்டும். அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. வயிறு சரியில்லை என்று இரண்டு நாள் சொன்னான். கண்டதைத் தின்றிருப்பாய் என்று திட்டினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், நான் வகுப்பில் இருந்தபோது கடை முதலாளி போன் செய்தார்.

"டீச்சர், அண்ணன் இன்னைக்குக் காலையிலேருந்து மூணு ஸ்க்ரூவைக் கீழ போட்டுட்டார்."

"அதுக்கெல்லாமா எனக்குப் போன் பண்ணுவீங்க?"

"முப்பது வருஷத்துல மொத்தமாவே மூணு போட்டதில்ல, டீச்சர்."

வகுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். ஆட்டோ பிடித்துப் போனேன். அண்ணன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். மணிக்கட்டை அந்தப் பள்ளத்தில் அழுத்தியிருந்தும் கை அடித்துக்கொண்டிருந்தது; இடுக்கி மேஜையில் தட்டிச் சத்தம் போட்டது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். நாக்கு தடித்துப் போய் வார்த்தையே விளங்கவில்லை. எழுந்தவன் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொடாதவனை, முதலாளி முன்னால், "குடிச்சிருக்கியா?" என்று கேட்டேன். தலையை ஆட்டி இல்லை என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது.

மருத்துவமனையில் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். இருக்க வேண்டிய அளவைப்போல மூன்று மடங்கு லித்தியம். உடனே ரத்தத்தைச் சுத்தம் செய்யும் சிறுநீரக இயந்திரத்தில் போட்டார்கள். நானும் என் வீட்டுக்காரரும் தாழ்வாரத்தில் நின்றோம். ஒரு பெண் மருத்துவர், என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும், காகிதத்தோடு வந்தாள்.

"மாத்திரை அதிகமாப் போட்டாரா?"

"இல்ல. நான்தான் எண்ணிக் குடுக்கிறேன். மாத்திரை சரியா இருக்கு."

"சமீபத்துல உப்பைக் குறைச்சாரா?"

"குறைக்கல" என்றேன். பிறகு, "மாத்தினோம். சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம்."

அவள் பொறுமையாகச் சொல்ல ஆரம்பித்தாள். உடம்பில் சோடியம் குறைந்தால், சிறுநீரகம் இருக்கிற சோடியத்தை வெளியே விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்படி இழுக்கும்போது லித்தியத்தையும்...

"சோடியம்னு நினைச்சு அதையும் சேர்த்து இழுத்துக்கும்" என்று நானே முடித்தேன். ஒரே மின்சுமை, அதே தொகுதி, பக்கத்து வீடு. யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொட்டாசியம் வேறு ஆள் என்று உடம்புக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது, லித்தியத்தைத்தான் அடையாளம் தெரியவில்லை. நான் தலைகீழாக நினைத்திருந்தேன். மூன்று வாரமாக அண்ணன் விழுங்கிய ஒவ்வொரு மாத்திரையையும் உள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்ளும்படி நான்தான் சமைத்துப் போட்டிருக்கிறேன்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன். காகிதத்தைப் புரட்டுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். அதைவிட அவள் எனக்கு ஒரு அறை விட்டிருக்கலாம்.

உயிர் பிழைத்தான். நான்கு நாளில் ரத்தத்தில் லித்தியம் சுத்தமாக இறங்கிவிட்டது. கை நடுக்கம் இறங்கவில்லை. மூளையில் கை காலை நிதானப்படுத்தும் பகுதி கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். ஒரு வருடம் பார்க்கலாம், அதற்குள் திரும்புவது திரும்பும், அதற்குப் பிறகு மிஞ்சுவது மிஞ்சியதுதான் என்றார்கள். ஒரு வருடம்! நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். கடை முதலாளி நல்ல மனிதர். "அந்த முக்காலியில ஒரு வருஷம் யாரையும் உட்கார வைக்க மாட்டேன் டீச்சர்" என்றார்.

தினமும் பயிற்சி. தட்டில் பட்டாணியைக் கொட்டி ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போடச் சொல்வேன். கை பட்டாணிக்கு இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் போகும், பட்டாணிமேல் மட்டும் போகாது. சட்டைப் பொத்தான் போட முக்கால் மணி நேரம். கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனால் கன்னத்தில் இடிக்கும். அதனால் நானே ஊட்டினேன். காலையில் பள்ளிக்குப் போகுமுன் ஒருமுறை, மதியம் ஓடி வந்து ஒருமுறை, மாலையில் ஒருமுறை. லித்தியத்தை இனி நினைக்கவே கூடாது என்று வேறு மருந்து கொடுத்தார்கள். அது அவனுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. பழைய இருட்டு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. இப்போது படுத்தால் சுவரைப் பார்த்துத்தான் படுக்கிறான்.

இதில் கொடுமை என்னவென்றால், அவன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். மருந்து உடம்பில் சேர்ந்துவிட்டது என்று மட்டும்தான் அவனுக்குச் சொல்லியிருந்தோம். ஒருநாள் ஊட்டிக்கொண்டிருக்கும்போது, இழுத்து இழுத்துச் சொன்னான்:

"ரெண்டு தடவை... போட்டுட்டேன் போல. நீ எண்ணி வச்சதை... மறந்து... திரும்பவும் எடுத்திருப்பேன். என் புத்தியைச்... செருப்பால அடிக்கணும்."

"விடு, சாப்பிடு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். இல்லை அண்ணா, நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவளுக்கு வரவில்லை. கை சரியாகட்டும், சரியானதும் சொல்லிக்கொள்ளலாம், அப்போது சிரிப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வகுப்பில் அந்த அயனிப் பாடம் வந்தபோது புத்தகத்தைப் பிள்ளைகளிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

வருடம் முடிந்தது. நரம்பியல் மருத்துவர் அண்ணனை ஒரு கோட்டின்மேல் நடக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார். விரல் கண்ணில் போய்க் குத்தியது. அவர் சீட்டில் ஏதோ எழுதிவிட்டு, அடுத்த தேதி என்று எதுவும் போடவில்லை. "வீட்லயே பாத்துக்கோங்க" என்றார். அந்த வாரமே கடை முதலாளி வந்தார். கூடவே அண்ணனின் கருவிகளை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "நான் என்ன பண்ணட்டும் டீச்சர், வேலை குவிஞ்சு கிடக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அண்ணன் மூட்டையைத் தொடவே இல்லை.

அவர் போன பிறகு, அண்ணன் தன் வலது கையை இடது கையால் ஓங்கி அடிக்க ஆரம்பித்தான். "மறந்துபோன கை... மறந்துபோன கை" என்று அடித்தான். என்னால் தாங்க முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொட்டாசியத்தை, சிறுநீரகத்தை, தொட்டியில் நான் கொட்டிய பொட்டலத்தை, அந்தப் பெண் மருத்துவர் கேட்டதை, ஒரு வருடமாக நான் மறைத்ததை. "நீ மறக்கல அண்ணா. ஒரு மாத்திரைகூட நீ தப்பாப் போடல" என்று அழுதேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒரு வருஷமா... தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். என் பிடியிலிருந்து கையை மெதுவாக உருவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

அன்று இரவு நான் ஊட்டப் போனபோது வாயைத் திறக்கவில்லை. பசியில்லை போலும் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டான். மறுநாளும் அப்படியே. இரண்டு மாதமாக அப்படியே; மூன்று வேளையும் ஊட்டுவதற்காக அவர் இரவு வேலைக்கு மாறிக்கொண்டார். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை, கேட்டால் பதில் சொல்கிறான், போர்த்திவிட்டால் போர்த்திக்கொள்கிறான். என் கையால் சாப்பிடுவது மட்டும் கிடையாது.

நேற்று பணிமனையில் ஆள் இல்லையென்று என் வீட்டுக்காரரைக் காலையிலேயே வரச் சொல்லிவிட்டார்கள். நான் பள்ளிக்கு விடுப்பு எடுத்தேன். தட்டைக் கொண்டுபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கரண்டியை நீட்டி, "ஒரு வாய் அண்ணா" என்றேன். அவன் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினான். "மாப்பிள்ளை... வரட்டும்" என்றான்.

அவர் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவார் என்று அவனுக்கும் தெரியும்.